யாருக்குக் கேட்டது

டிசம்பர் 3

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் விட்டுவிட்டது, குளிர் விடவில்லை.

உங்கள் தந்தையாரின் ‘அழைப்பும் அசைவும்’ நூலை என் மொழிக்குக் கொண்டுவரும் வேலை ஒரே ஓர் இடத்தைத் தவிர முடிந்துவிட்டது. இது அந்த நூலின் முப்பத்தொன்றாவது மொழி என்று பதிப்பாளர் பெருமையாகச் சொல்கிறார். எங்கள் மொழி பேசுகிற அத்தனை பேரையும் ஒரு பெரிய சந்தைக்குள் நிறுத்திவிடலாம் என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

நான் நிற்கும் இடம், எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அந்த மூன்று வரிகள். “மேசையில் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். வெளியே கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் எழுதிக்கொண்டிருந்தான்.”

உங்கள் மொழியைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் ‘சத்தம் கேட்டது’ என்பதை, சத்தம் யாரிடமோ எதையோ கேட்டது என்று புரிந்துகொண்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கியவள் நான். இப்போது அதே சொல்லில் மறுபடியும் மாட்டிக்கொண்டேன். ‘கேட்டது’ என்று மட்டும் சொல்லி உங்கள் மொழியில் நிறுத்திவிடலாம். எங்கள் மொழியில் முடியாது. நடந்த ஒன்றைச் சொன்னால், அதைச் சொல்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பதை வினைச்சொல்லின் முடிவில் ஓர் ஒட்டு சொல்லியாக வேண்டும். நானே கண்டேன், கேட்டேன் என்றால் ஓர் ஒட்டு. அங்கே இருந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்றால் இன்னொன்று. யாரோ சொன்னது, அல்லது வெறும் கதை என்றால் மூன்றாவது. ஒட்டுப் போடாமல் விட்டால், பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் மயங்கி விழுந்தது போல இருக்கும்.

உங்கள் தந்தையார் இருந்தபோது, யாருக்குக் கேட்டது என்று எழுதிக் கேட்டேன். ஒரு அஞ்சலட்டை வந்தது. “மேசையில் இருந்தவனுக்குக் கேட்டது. அதற்கு மேல் கேட்க வேண்டாம்.” மேசையில் இருந்தவர் அவர்தானா, அல்லது கற்பனையா என்று அடுத்த கடிதத்தில் கேட்டேன். அது போய்ச் சேர்வதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

எந்த ஒட்டைப் போடட்டும்? தொந்தரவுக்கு மன்னியுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பவள்

•

டிசம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம்தான். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் வலது காது எப்படி இருக்கிறது? இன்ஜின் அறையில் காதடைப்பான் போட்டுக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாயா?

இத்துடன் ஒரு கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். படித்துப் பார். உரிமைத்தாளில் நம் இருவர் கையெழுத்தும் இருப்பதால் உன்னைக் கேட்காமல் நான் பதில் எழுத முடியாது.

எனக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. முதல் ஒட்டு. அவருக்குக் கேட்டது. அவர் வாயாலேயே அம்மாவிடம் சொன்னார், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். ஆனால் அதைச் சொன்னால் அந்த மூன்று வரி உதாரணம் இல்லை, நம் வீட்டில் நடந்தது என்று ஆகிவிடும். கூப்பிட்டது நம் குட்டித் தம்பி சிட்டு, ஐந்து வயது, பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முப்பது மொழியில் அது தத்துவமாக இருந்தது போதும்.

புது மொழிப் பிரதிகள் ஆறு ஆறாக வந்துகொண்டே இருக்கின்றன. மாடி அறை நிரம்பி, இப்போது படிக்கட்டின் ஓரத்தில் அடுக்கியிருக்கிறேன். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எந்தப் பிரதியைத் திறந்தாலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். மேலேயும் கீழேயும் வெள்ளையாக விட்டு, நடுவில் மூன்று குட்டை வரி. சில நாள் ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள் யாரோ இப்போதுதான் பேச்சை நிறுத்தியது போல இருக்கும். தனியாக இருக்கிறவளுக்கு வரும் நினைப்பு. சிரிக்காதே.

சீக்கிரம் பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

•

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் இரண்டு துறைமுகம் சுற்றி நேற்றுதான் கைக்கு வந்தது. காது அப்படியேதான் இருக்கிறது. இல்லாத ஒரு சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் அறையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உள்ளது என்று டாக்டர் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளருக்குக் கதை ஒட்டைப் போடச் சொல்லிவிடு. மூன்றாவது. எதற்கு வீண் வேலை? அவர் தத்துவம் எழுதினார், வாக்குமூலம் எழுதவில்லை. செத்தவரை விடு. சிட்டுவையும் விடு.

இந்தப் பயணத்தில் புதிதாக ஒரு மூன்றாவது ஆபீசர் ஏறியிருக்கிறான். இருபத்தாறு வயது. தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம், அவன் மொழியில். நான் யார் மகன் என்று அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் என் எதிரில் உட்கார்ந்து, “செகண்ட் இன்ஜினியர் சார், அந்த ஆளு ஏன் எழுந்து போகல? உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டான். எனக்கு பம்பைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன். பம்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. படிக்கட்டில் புத்தகம் அடுக்காதே, தடுக்கி விழுந்து வைப்பாய்.

தம்பி

•

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். காதில் இல்லாத சத்தம் கேட்பதை இவ்வளவு லேசாக எழுதாதே. வேறு டாக்டரைப் பார்.

கதை ஒட்டா? எப்படிடா உனக்கு மனசு வந்தது? சிட்டு போன மூன்றாம் நாள் அம்மா அவர் அறைக்குள் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லையா தெரியவில்லை. உனக்குப் பத்து வயது. எனக்குப் பதினான்கு. அம்மா குரலை உயர்த்தவே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்கிற அதே குரல்.

“அவன் கூப்பிட்டானா?”

“கூப்பிட்டான்.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. எழுதிட்டிருந்தேன். வரியை முடிச்சிட்டுப் போகலாம்னு இருந்தேன்.”

அதற்குப் பிறகு அம்மா அவரிடம் பேசவில்லை. பத்தொன்பது வருஷம். ‘உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடி’ என்று என்னிடம் சொல்லி, என் வழியாகவே குடும்பம் நடத்தினாள். செத்துப்போகும்போதும் என்னைத்தான் பார்த்தாள். நான் மட்டும் என்ன? அன்றையிலிருந்து அவர் சாகும்வரை முப்பத்தாறு வருஷம் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் நோயாளிக்குச் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. கடைசி வாரம் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை.

உனக்கும் அந்தக் கோபம்தானே? பதினேழு வயதில் அதனால்தானே கப்பலுக்கு ஓடினாய்?

மொழிபெயர்ப்பாளருக்கு அஞ்சலட்டை போட்டபோது அவர் ஏதாவது குறிப்பு எழுதி வைத்திருக்கலாம். அவர் பெட்டிகளைத் திறந்து பார்க்கப் போகிறேன். கிடைத்தால் எழுதுகிறேன்.

உடம்பு பத்திரம்.

அக்கா

•

மார்ச் 2

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

குறிப்பு எதுவும் இல்லை. வேறு ஒன்று கிடைத்தது.

இந்தப் புத்தகத்துக்கு முன்னால் அவர் எழுதிய முதல் சின்னப் புத்தகத்தின் ப்ரூஃப் தாள்கள், அச்சகத்துக் கயிறு கட்டியபடியே இருந்தன. அவர் பழக்கம் உனக்குத் தெரியும். எதில் கையெழுத்துப் போட்டாலும் தேதி, மணி, நிமிஷம் எல்லாம் எழுதுவார். நான் லேபில் ரத்தக்குழாய்க்கு லேபிள் ஒட்டுவது போல.

சிட்டு போன தேதியில் மூன்று தாள். “திருத்தங்களுடன் அச்சிடலாம்” என்று எழுதிக் கையெழுத்து. மதியம் 2.10. அடுத்தது 2.45. அடுத்தது 3.20. மூன்றிலும் ஃபோர்மேனின் முத்திரையும் இருக்கிறது. எல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து பார்த்தது. அச்சகம் ஊரின் அந்தக் கோடியில், அங்கிருந்து நடந்து வர அரை மணி.

டாக்டர் கொடுத்த தாளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று மணி அளவில் என்று இருக்கிறது. நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது நாலே கால். அவர் நனைந்த சட்டையோடு தொட்டியடியில் உட்கார்ந்திருந்தார், சிட்டு மடியில். அவர் மத்தியானம் முழுக்க வீட்டில் இருந்தார் என்று அவரேதான் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை.

தேதி பொருந்தவில்லை என்றால் எனக்கு வேலை ஓடாது, உனக்குத் தெரியும். ஐந்து நாளாகக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். அவர் வீட்டில் இல்லை.

அம்மா எக்ஸ்சேஞ்சில். நான் ஸ்கூலில். நீ காய்ச்சல் விட்ட மறுநாள் என்று வீட்டில். தூங்கிக்கொண்டிருந்தாய்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

•

மே 19

தம்பிக்கு,

நலம். மார்ச் மாதம் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. கடிதம் தவறிப்போயிருக்கும் என்று நினைத்துக் கம்பெனி ஏஜெண்டுக்கு போன் பண்ணினேன். ஏப்ரல் ஆறாம் தேதி கையில் கொடுத்தாயிற்று, நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய் என்றார்.

மொழிபெயர்ப்பவள் மறுபடி எழுதியிருக்கிறாள். அச்சகத்தில் எல்லாப் பக்கமும் தயார், அந்த ஒரு பக்கம் மட்டும் காத்திருக்கிறதாம். “உங்கள் அமைதிக்குக் காரணம் இருக்கும், அவசரமில்லை” என்று எழுதியிருக்கிறாள். நல்ல பெண்.

நானும் அதையேதான் எழுதுகிறேன். காரணம் இருக்கும். ஆனால் எனக்கு அவசரம்.

அக்கா

•

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன்.

ஏழு தடவை எழுதிக் கிழித்த கடிதம் இது. எட்டாவதை மூன்றாவது ஆபீசரிடம் ஒட்டிக் கொடுத்துவிட்டு, நான் திரும்பக் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லப்போகிறேன்.

நான் தூங்கவில்லை.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அவர் அறைக்குள் போனேன். யாரும் தொடக்கூடாத மேசை. அதனால்தான் போனேன். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அவர் பேனாவைத் திறந்து, அவர் எழுதுகிற மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. என் பெயராக இருக்கும். நிப்பு வளைந்து மை கொட்டிவிட்டது. கை முழுக்க மை. சிட்டு அப்போதுதான் கூப்பிட்டான்.

முதல் தடவை சாதாரணமாக. “அண்ணா, இங்க வந்து பாரேன்!” தொட்டியில் எதையோ பார்த்திருப்பான். அவன் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிக் கூப்பிடுவான். மை துடைத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். கையில் மையோடு போனால், அண்ணன் பேனாவைத் தொட்டான் என்று சாயந்தரம் அவன் அப்பாவிடம் சொல்லிவிடுவான். ஒரு பழைய தாளை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை.

இரண்டாவது தடவை ‘அண்ணா’ மட்டும். பாதி. விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். நினைத்தேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, அக்கா. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேட்டது. நான் மையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சத்தமே இல்லை. அதுதான் என்னை எழுப்பியது. போய் எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதே. அவர் வரும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

அவர் வந்தார். என்னையும் பேனாவையும் பார்த்தார். நான் சொன்னேன். “கூப்பிட்டான்பா. ரெண்டு தடவை கூப்பிட்டான்.” வேறெதுவும் சொல்லவில்லை. அவர் ஓடினார். தொட்டிக்குள் குதித்த சத்தம் கேட்டது. அப்புறம் ஈரத்தோடு திரும்பி வந்து, என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், செங்கல் துண்டால் என் விரல்களைத் தேய்த்தார். மை போகும்வரை. தோல் போகும்வரை. அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “நீ தூங்கிட்டிருந்தே. நீ தூங்கிட்டிருந்தே. புரியுதா? நான்தான் வீட்ல இருந்தேன். நீ தூங்கிட்டிருந்தே.”

போர்வையை இழுத்து மூடிப் படுக்க வைத்தார். பிறகுதான் சிட்டுவிடம் போனார்.

அம்மா சாகும்வரை, நான் லீவில் வரும்போதெல்லாம் என் தலையைத் தடவிச் சொல்வாள்: “நல்லவேளை, நீ தூங்கிட்டிருந்தேடா. உனக்காவது அந்தப் பாவம் இல்ல.” அந்தக் கைக்குப் பயந்துதான் நான் லீவையே குறைத்துக்கொண்டேன்.

பதினேழு வயதில் அந்தப் புத்தகம் வந்தது. படித்தேன். அவர் அறைக்குப் போய், “ஏன் எழுதினீங்க?” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ சொன்னதை எங்கயாவது வெக்கணுமில்ல? உன் தலையில வெக்க முடியாது” என்றார். அடுத்த மாதம் நான் கப்பலேறினேன்.

என் தலையில் இருக்க வேண்டாம் என்று அவர் வெளியே வைத்தது, நான் போகிற துறைமுகத்துக்கெல்லாம் எனக்கு முன்னால் போய் நின்றது. ஒவ்வொரு ஊர்ப் புத்தகக் கடையிலும், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில். கண்ணாடிக்கு உள்ளே இருந்துகொண்டு அது என்னைப் பார்க்கும். ஒருமுறை ஒரு கடைக்காரர், “இந்தப் பக்கத்தைப் பாருங்க, உலகமே பேசுது” என்று திறந்து காட்டினார்.

அவர்மேல் எனக்கும் கோபம்தான். நீ நினைக்கிற கோபம் இல்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய அடியை அவர் வாங்கிக்கொண்டார். அடி வாங்காதவனுக்கு மன்னிப்பும் கிடையாது.

நீ முப்பத்தாறு வருஷம் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை என்பது பிப்ரவரிக் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். நான் வீட்டில் இருந்த நாட்களில் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தேன்.

தம்பி

•

ஜூலை 30

உன் கடிதம் வந்தது.

அன்றைக்கு உன் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. எறும்பு கடித்ததா என்று கேட்டு மருந்து போட்டுவிட்டது நான். ஒவ்வொரு விரலாக ஊதி ஊதிப் போட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

பத்து வயதில் சொல்லாதது சரி. இருபதில் சொல்லியிருக்கலாம். அம்மா போன பிறகு சொல்லியிருக்கலாம். அவர் படுக்கையில் கிடந்தபோது போன் பண்ணி ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மொழிபெயர்ப்பவளுக்கு நான் எழுதப் போவதில்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நீ. நீயே எழுது. முகவரி பின்பக்கம் இருக்கிறது.

•

ஆகஸ்ட் 25

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். உங்கள் நலத்துக்கு என் விருப்பங்கள். நீங்கள் என் அக்காவுக்கு எழுதிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுகிறேன். நான் நூலாசிரியரின் மகன். கப்பலில் இன்ஜினியர். எழுத்து எனக்கு வராது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஒட்டைப் போடுங்கள். அங்கே இருந்தவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

அப்பா உங்களுக்கு அஞ்சலட்டையில் எழுதியது பொய்யில்லை. மேசையில் இருந்தவனுக்குத்தான் கேட்டது. ஆனால் மேசையில் இருந்தது அவர் இல்லை. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவரிடம் சொன்னவனுக்கு அப்போது பத்து வயது. வெளியே கூப்பிட்டது அவன் தம்பி.

முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ இதை எழுத வேண்டாம். ஒட்டு மட்டும் போதும். இதுவரை வந்த முப்பது மொழியிலும் இதற்கு இடமில்லை. உங்கள் மொழியில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

காத்திருந்ததற்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவரிடம் சொன்னவன்

•

நவம்பர் 21

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்களை எந்தக் கடலில் கண்டுபிடிக்குமோ தெரியவில்லை. எங்கே இருந்தாலும் பத்திரமாக இருங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

நூல் வந்துவிட்டது. நானூறு பிரதிகள். ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் அக்காவுக்கு. நீங்கள் கேட்டபடியே முன்னுரையும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை.

போன வாரம் எங்கள் ஊர் நூலகத்தில் சில பக்கங்களை வாசித்தேன். பதினைந்து பேர் வந்திருந்தார்கள், அதில் மூன்று பேர் கதகதப்புக்காக வந்தவர்கள். அந்த மூன்று வரிகளை வாசித்துவிட்டு மேலே போகப் பார்த்தேன். பேராசிரியர்கள் எழுதிய கட்டுரைகள் எல்லாம் எனக்குத் தெரியும், அந்த மனிதன் ஏன் எழுந்திருக்கவில்லை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

முன் வரிசையில் ஒரு வயதான பெண்மணி. தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். “இரும்மா, இரு. இதை எழுதினவர்கிட்ட வந்து ஒருத்தர் சொல்லியிருக்காங்களே, அவரு யாரு?”

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியும், ஆனால் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்றேன்.

“பேரு வேணாம். அதைப் பார்த்துட்டு வந்து சொன்னவரு, இப்ப எப்படி இருக்காரு?”

அறையில் இருந்த பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். கதகதப்புக்காக வந்தவர்களும்தான். அந்த ஒட்டைக் கேட்டுவிட்டால் எங்கள் காதுக்குச் சொன்னவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவரை விட்டுவிட்டு எங்களால் மேலே போக முடியாது.

கேட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பவள்

•

டிசம்பர் 29

தம்பிக்கு,

மொழிபெயர்ப்பவள் உனக்கு எழுதிய கடிதத்தை ஒரு உறையில் போட்டு, ஒரு வார்த்தைகூட எழுதாமல் எனக்கு அனுப்பியிருக்கிறாய். வந்து எட்டு நாள் ஆகிறது.

அவள் அனுப்பிய புத்தகமும் வந்தது. மெல்லிசாக இருக்கிறது. அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். நடு வரியின் கடைசியில் கொக்கி மாதிரி ஒரு எழுத்து. அதுதான் அந்த ஒட்டாக இருக்க வேண்டும்.

நேற்று லீவு போட்டுவிட்டு அவர் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். வெறும் அறையில் என் குரல் எனக்கே கர்ணகடூரமாக இருந்தது. செத்தவருக்குச் சொல்வது சுலபம், அதில் பெருமை ஒன்றும் இல்லை. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை நீயும் திருப்பிக் கொடுக்க முடியாது, நானும் இனிமேல் வாங்கிக்கொள்ள முடியாது. கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நீயும் நம்பமாட்டாய்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தானே ஒரு பையன், அவன் விரலுக்கு மருந்து போட்டேன். எறும்பு கடித்ததா என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. அவர் கேட்கவே விடவில்லை. இத்தனை வருஷத்தில், இத்தனை மொழியில், பெயர் தெரியாத ஒரு தபால்காரப் பெண்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவளுக்கு நீ என்ன பதில் வேண்டுமானாலும் எழுதிக்கொள். எனக்கும் ஒன்று எழுது. வழக்கமாகக் கடிதத்தின் தலையில் எழுதும் வரி எனக்கு வேண்டாம்.

நிஜமா எப்படிடா இருக்கே?

அக்கா

•

ஜனவரி 17

அக்கா,

நன்றாக இல்லை. பத்து வயதிலிருந்தே இல்லை. அந்தத் தபால்கார அம்மாவுக்கும் இதையேதான் எழுதினேன், கேட்டதற்கு நன்றி என்றும் எழுதினேன்.

அடுத்த துறைமுகத்தில் இறங்கிக்கொள்ள கேப்டனிடம் கேட்டேன். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் வந்துவிடுவேன்.

நீ திட்ட வேண்டியதையெல்லாம் வைத்திரு. என் இடது காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்து திட்டு.

எனக்குப் படுக்கையை அவர் அறையிலேயே போடு.

தம்பி